இரட்டைக்குழல் துவக்கின் திருகாணிக்கு எந்தத் திருப்புளி பொருந்தும்?

வயல்காரன் (சம்மாந்துறை)

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

எங்கள் குடும்பத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரத்துடன் 12 போர் இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. உம்மாவின் வாப்பா வாங்கியது. அவருக்குப் பின் மாமாவின் பெயரில் இருந்து, இப்போது என் பெயரில் வருடாவருடம் புதுப்பிக்கப்படுகிறது. குழல்களின் அடியில், குழல் வெடி தாங்குமா என்று சோதிக்கும் பர்மிங்காம் சோதனை மனையின் முத்திரைகள் உள்ளன. குழலுக்கும் மரப் பிடிக்கட்டைக்கும் நடுவிலுள்ள பூட்டுப்பகுதி முழுவதும் இலையும் கொடியுமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. திருகாணிகளின் தலைகளில்கூடச் சிறிய பூ வேலை ஓடுகிறது.

போன கச்சான் காற்றில் பிடிக்கட்டை இலேசாக ஆடத் தொடங்கியது. குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையை அசைத்தால், இரும்பும் மரமும் சேரும் இடத்தில் மயிரளவு இடைவெளி திறந்து மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மேசையில் கிடந்த திருப்புளிகளில் ஒன்றை எடுத்து, விசையைச் சுற்றியுள்ள விசைக்காப்புத் தகட்டின் பின்முனையில், மரத்துக்குள் இறங்கும் மரத்திருகாணியில் வைத்துத் திருப்பினார். திருப்புளி ஒரு தடவை வழுக்கியது. திருகாணித் தலையில் திருப்புளி இறங்கும் வெட்டான காடியின் ஒரு முனை வெள்ளையாகப் பிதுங்கி, விரல் வைத்தால் குத்துகிறது. வழுக்கிய பாதையில் செதுக்கலின் குறுக்கே ஒன்றரை அங்குல நீளத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது. அத்துடன் நிறுத்தச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கட்டையின் கழுத்தினூடாக மேல் தகட்டையும் கீழ்த் தகட்டையும் இழுத்துப் பிடிக்கும் நீண்ட திருகாணி ஒன்று இருக்கிறது. எனது துவக்கில் அதன் தலை மேற்பக்கத்தில் தெரிகிறது. அதை இன்னும் யாரும் தொடவில்லை. அதை இறுக்கினால் ஆட்டம் நிற்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதன் காடி மிக ஒடுக்கமானது. என்னிடமுள்ள பெரிய திருப்புளி எதுவும் உள்ளே இறங்கவில்லை. சின்னத் திருப்புளி இறங்குகிறது, ஆனால் காடியின் நடுவில் மட்டும் நிற்கிறது. எதை வாங்க வேண்டும், எங்கே வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லடித் திருத்துநர் (மட்டக்களப்பு)

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் துவக்குத் திருத்துபவன் அல்ல. முப்பது வருடங்களுக்கு மேலாகத் தையல் இயந்திரமும் சுவர்க் கடிகாரமும் திருத்தி வருகிறேன். இருந்தாலும் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் வார்த்து வந்த பழைய சிங்கர் இயந்திரங்களின் திருகாணியும் உங்கள் துவக்கின் திருகாணியும் ஒரே குலத்தவை. தலையில் நேர்க்காடி, ஒருமுறை சிதைந்தால் அதே அளவில் இன்னொன்று கடையில் எளிதில் கிடைக்காத நிலை, இவை இரண்டுக்கும் பொது. எனவே திருப்புளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதலாம்.

காடியின் இரண்டு சுவர்களும் ஒன்றுக்கொன்று இணையாக, நேராக வெட்டப்பட்டிருக்கும். கடையில் விற்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பைப் போல மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்கும். ஆப்பை இணைச்சுவர்களுக்கு நடுவே வைத்தால், அது காடியின் மேல் விளிம்பை மட்டும் தொடும். அடியில் இருபுறமும் வெற்றிடமாக இருக்கும். அந்த நிலையில் திருப்பும்போது முழு விசையும் மயிரளவு அகலமுள்ள இரண்டு விளிம்புகளில் விழுகிறது. விளிம்பு நசுங்குகிறது, ஆப்பின் சரிவு திருப்புளியை மேல்நோக்கித் தள்ளுகிறது, நாம் இன்னும் அழுத்துகிறோம், அது பக்கவாட்டில் பாய்கிறது. உங்கள் செதுக்கலின் குறுக்கே ஓடிய கீறல் பிறந்த விதம் இதுதான்.

நேர்த்தியான வேலைக்குரிய திருப்புளியின் நுனி, காடிக்குள் இறங்கும் அளவுக்காவது, இரு பக்கமும் இணையாக இருக்க வேண்டும். சக்கரக் கல்லின் வளைவில் குழிவாக அரைத்து அந்த நுனியைப் பெறுவது வழக்கம். அப்படிப்பட்ட நுனி காடியின் அடியைத் தொட்டு நின்று, சுவர் முழுவதிலும் விசையைப் பரப்பும்.

இனி உங்களுடைய இக்கட்டுக்கு வருவோம். கடையில் வரும் தட்டைத் திருப்புளிகளுக்குச் சர்வதேச அளவுமுறை ஒன்று உண்டு. அதன்படி நுனியின் தடிப்பு 0.6 மி.மீ. என்றால் அகலம் 3.5 மி.மீ.; தடிப்பு 0.8 என்றால் அகலம் 4, தடிப்பு 1.0 என்றால் அகலம் 5.5, தடிப்பு 1.2 என்றால் அகலம் 6.5 அல்லது 8. அகலம் கூடும்போது தடிப்பும் கூடிக்கொண்டே போகிறது. உங்கள் துவக்கின் திருகாணியோ அகன்ற தலையும் ஒடுங்கிய காடியும் கொண்டது. அகலத்துக்குப் பொருந்தும் திருப்புளி தடிப்பில் இறங்காது; தடிப்புக்குப் பொருந்தும் திருப்புளி அகலத்தில் பாதிக்கு மேல் வராது. ஆகவே எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அதற்குப் பொருந்தும் திருப்புளி அலுமாரியில் இருக்கப்போவதில்லை.

நடுவில் மட்டும் நிற்கும் சின்னத் திருப்புளியால் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். ஒரே முறுக்கத்துக்கு, திருப்புளியின் தட்டை நுனியான அலகின் அகலம் பாதியானால் அதன் முனைகள் காடிச் சுவரில் கொடுக்கும் விசை இரண்டு மடங்காகிறது. காடி சிதையும், அல்லது அலகு உடைந்து உள்ளே தங்கும்.

கராஜ்காரன் (அக்கரைப்பற்று)

நானாவும் அண்ணனும் மன்னிக்க வேண்டும்; இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இருபது வருடமாகக் கராஜ் நடத்துகிறேன். நல்ல குரோம் வனேடியம் உருக்கில் செய்த திருப்புளி ஒரு தொகுதியும், கீழ்நோக்கிப் பலமாக அழுத்தும் கையும் இருந்தால் கழலாத திருகாணி கிடையாது. கழலாவிட்டால் சுத்தியலால் அடித்துத் திருப்பும் கருவி இருக்கிறது. ஒரு திருகாணிக்காக ஒரு திருப்புளி செய்வது வீண்வேலை என்றே எனக்குப் படுகிறது.

கல்லடித் திருத்துநர் (மட்டக்களப்பு)

தம்பி, நீங்கள் சொல்லும் அழுத்தம் தேவைதான். ஆனால் உங்கள் கராஜிலேயே என் பக்கத்துக்குச் சாட்சி இருக்கிறது. ஜப்பான் மோட்டார் சைக்கிளின் காபுரேட்டர் கிண்ணத்திலுள்ள கூட்டல் குறித் திருகாணிகள் எத்தனை தேய்ந்த நிலையில் உங்களிடம் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவை ஜப்பானிய அளவுமுறையில் வெட்டப்பட்டவை. பார்வைக்கு பிலிப்ஸ் தலையைப் போலவே இருப்பதால், கையில் கிடைத்த பிலிப்ஸ் திருப்புளியை வைக்கிறார்கள். அது அடிவரை இறங்காமல் மேலேயே மிதக்கிறது. அழுத்த அழுத்தத் தலை வட்டமாகிறது. உருக்கு நல்லதாக இருந்தும் பொருத்தம் இல்லாததால் வரும் கேடு அது. காபுரேட்டர் திருகாணியை மாற்றிவிடலாம். தலையில் பூ செதுக்கிய திருகாணியை எங்கே போய் வாங்குவது?

அடித்துத் திருப்பும் கருவியை அந்தத் துவக்கின் அருகே கொண்டுபோகவே கூடாது. மரக்கழுத்து வெடித்துவிடும்.

நெறியாளர்

இழை நல்ல முறையில் போவதால் இடையில் ஒரு குறிப்பு மட்டும். இங்கே பேசப்படுவது அனுமதிப்பத்திரம் உள்ள துவக்கின் வெளித்திருகாணியை அதன் உரிமையாளர் இறுக்குவது பற்றியது. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பூட்டைப் பிரிப்பது, விசையைச் சரிசெய்வது ஆகியவை அனுமதி பெற்ற திருத்துநரின் வேலை. அவற்றை விளக்கும் பதிவுகள் நீக்கப்படும். கையில் எடுக்கும் முன் இரண்டு குழல்களும் வெறுமையாக உள்ளனவா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும்.

களுவாஞ்சிக்குடியான் (பர்மிங்காம்)

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊரில் களுவாஞ்சிக்குடியில் பிறந்து, இப்போது பர்மிங்காமில் பழைய துவக்குகளைப் புதுப்பிக்கும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்கிறேன். வயல்காரன் நானாவின் துவக்கில் முத்திரை இட்ட சோதனை மனை 1813ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அது இப்போதும் இங்கே இயங்குகிறது. கிரீடத்தின் கீழே ஆங்கிலத்தில் பி, பி அல்லது பி, வி எழுத்துகள் தெரிந்தால், அந்த முத்திரைகள் 1904இற்குப் பின் இடப்பட்டவை.

கல்லடி அண்ணன் சொன்னது முழுவதும் சரி. இங்கே பழைய தொழிலாளர்கள் இந்தத் திருகாணிகளைத் திருகாணி என்றே அழைப்பதில்லை, "பின்" என்பார்கள். திருப்புளியை "டர்ன்ஸ்குரூ" என்பார்கள். ஒவ்வொருவரிடமும் மரப்பிடி போட்ட டர்ன்ஸ்குரூக்கள் ஒரு மேசை நிறைய இருக்கும். பிடி உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் தட்டையாக இருக்கும். உள்ளங்கையில் சுழலாது, மேசையில் வைத்தால் உருண்டு கீழே விழாது. புதிய துவக்கு ஒன்று மேசைக்கு வந்தால், முதலில் காடிகளைப் பார்ப்பார்கள். பொருந்தும் அலகு இல்லையென்றால், இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்து அரத்தால் தேய்த்துச் சரிசெய்வார்கள். அதன் பிறகே துவக்கில் கை வைப்பார்கள். திருகாணிக்கு ஏற்றபடி திருப்புளியைத்தான் மாற்ற வேண்டும். திருப்புளிக்காகக் காடியை அகலப்படுத்துவது இங்கே மன்னிக்கப்படாத குற்றம்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் 1939இல் தொடங்கிய பிரவுனெல்ஸ் போன்ற நிறுவனங்கள், துவக்கு வேலைக்கென்றே இணைநுனி கொண்ட மாற்று அலகுகளை விற்கின்றன. அகலம் ஒன்றாகவும் தடிப்பு வேறு வேறாகவும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் தேர்ந்தெடுக்கலாம். அவை நல்லவை. எனினும் பழைய பிரித்தானியத் துவக்குகளின் காடிகள் அமெரிக்கத் துவக்குகளின் காடிகளைவிடப் பெரும்பாலும் ஒடுக்கமானவை என்பதால், அந்த அலகுகளையும் கொஞ்சம் தேய்த்தே பயன்படுத்த வேண்டியிருக்கும்.

நானா, இன்னொன்றைக் கவனியுங்கள். உங்கள் துவக்கின் வெளித்திருகாணிகளின் காடிகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன? அநேகமாக எல்லாம் குழலின் நீளப் போக்கிலேயே நிற்கும். அது தற்செயல் அல்ல. திருகாணியைத் தலை உயரமாக விட்டே செய்து, இறுக்கமாக முறுக்கி, அது நின்ற இடத்தில் குழலின் போக்கில் கோடு கீறி, கழற்றிக் காடி வெட்டி, மீண்டும் பூட்டித் தலையைத் தகட்டுடன் சமமாக அராவி, கடைசியில் செதுக்குகிறார்கள். ஆகவே ஒவ்வொரு திருகாணியும் தனது ஓட்டைக்கு மட்டுமே உரியது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் போட்டால், புரி ஒன்றாக இருந்தாலும் காடி கோணலாக நிற்கும், பூவும் சேராது.

உங்கள் நீண்ட திருகாணியின் காடி இப்போது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வயல்காரன் (சம்மாந்துறை)

பார்த்தேன். முத்திரைகள் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. மற்ற எல்லாத் திருகாணிகளும் குழலின் போக்கில் நேராக நிற்கின்றன. நீண்ட திருகாணியின் காடி மட்டும் நேர்க்கோட்டுக்கு இடப்புறமாக, கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவுக்குப் பின்னால் நிற்கிறது. இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் இதை நான் கவனித்ததே இல்லை.

களுவாஞ்சிக்குடியான் (பர்மிங்காம்)

அப்படியென்றால் திருகாணி முப்பது பாகை அளவு தானாகப் பின்வாங்கியிருக்கிறது. நம் ஊரில் மாரியில் மரம் ஈரம் குடித்து ஊதும். கச்சான் அடித்தால் வற்றிச் சுருங்கும். சுருங்கிய மரத்தில் திருகாணி பிடிப்பை இழக்கும். ஒவ்வொரு வெடியின் அதிர்விலும் சிறிது சிறிதாகக் கழலும். இறுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரியே. ஆட்டத்துடன் தொடர்ந்து வெடி வைத்தால் இரும்பின் பின்விளிம்பு மரத்தைக் குத்திக் கழுத்தில் வெடிப்பு விழும். சரியாகும்வரை அதைச் சுட வேண்டாம்.

இறுக்கும்போது காடி நேர்க்கோட்டுக்கு வந்து, அங்கே கைக்கு இறுக்கமாகவும் பட்டால் நிறுத்திவிடுங்கள். நேர்க்கோட்டைத் தாண்டியும் இறுகாமல் போனால், மரம் நசுங்கிவிட்டது என்று பொருள். அதன் பிறகு அது திருத்துநரின் வேலை. கோடு நேராக வரவேண்டும் என்ற ஆசைக்காக அளவுக்கு மீறி முறுக்கவும் கூடாது.

கராஜ்காரன் (அக்கரைப்பற்று)

முப்பது பாகைக் கணக்கைப் படித்த பிறகு நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இப்படி ஒரு பொருளை அடித்துத் திருப்பச் சொன்னது தவறு.

அளவெடுப்பதற்கு என்னால் ஒரு வழி சொல்ல முடியும். காடியின் அகலத்தை வேர்னியரால் அளக்க முயன்றால் அதன் வாய் உள்ளே போகாது. எஞ்சின் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் எல்லாக் கராஜிலும் இருக்கும். அதன் தகடுகளை ஒவ்வொன்றாகக் காடிக்குள் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கும் கடைசித் தகடும், இறங்க மறுக்கும் முதல் தகடும் தெரிந்தால், காடியின் அகலம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அளக்கும் முன் பல் குத்தும் ஈர்க்கை நுனி சீவி, காடிக்குள் இறுகிக் கிடக்கும் பழைய எண்ணெய்ப் பிசினைச் சுரண்டி எடுங்கள். ஊசி வேண்டாம், கீறும்.

வயல்காரன் (சம்மாந்துறை)

ஈர்க்கால் சுரண்டியதில் மெழுகு போன்ற கறுப்புப் பிசின் வந்துகொண்டே இருந்தது. அதை எடுத்த பிறகுதான் காடி எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தது. 0.60 தகடு இலேசாக இறங்குகிறது, 0.65 தகடு இறங்கவில்லை. தலையின் விட்டம் 7.8 மி.மீ. இப்போது திருப்புளியை எப்படிச் செய்வது?

கல்லடித் திருத்துநர் (மட்டக்களப்பு)

அந்தக் கறுப்புப் பிசின் அநேகமாகத் தேங்காய் எண்ணெயாக இருக்கும். தையல் இயந்திரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, அது பிசினாகி இறுகி, சக்கரமே சுற்றாத நிலையில் என்னிடம் வந்தவை எண்ணிக்கையில் அடங்கா. துவக்குக்கும் தையல் இயந்திரத்துக்கும் கனிம எண்ணெய்தான் விட வேண்டும்.

8 மி.மீ. அகலமும் 1.2 மி.மீ. தடிப்பும் கொண்ட நல்ல திருப்புளி ஒன்றை வாங்குங்கள். மலிவானது வேண்டாம், அரத்தின் கூர்முனையால் அதன் நுனியைக் கீறிப் பாருங்கள். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் அது பதமில்லாத இரும்பு. அரம் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல உருக்கு. அதைக் கல்லில்தான் தேய்க்க முடியும்.

கிரைண்டர் சக்கரத்தின் முகத்துக்கு எதிரே அலகின் தட்டைப் பக்கத்தைக் குறுக்காகப் பிடித்து, நுனியிலிருந்து இரண்டு மூன்று மி.மீ. மேலேயே குழியின் ஆழமான இடம் விழும்படி மெதுவாக அரையுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒரே அளவாகக் குறைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கூடக் குறைந்தால் நுனி தண்டின் நடுக்கோட்டிலிருந்து விலகி, திருப்பும்போது ஆடும். பக்கத்தில் தண்ணீர்ப் பாத்திரம் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் பிறகு அலகைத் தண்ணீரில் தோய்த்து, வெறும் விரலால் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். சூட்டைச் சொல்லும் கருவி உங்கள் விரல்தான், சுழலும் சக்கரத்தருகே கையுறை ஆபத்தும்கூட. கண்ணாடி கட்டாயம். மெல்லிய நுனி நீலமாக மாறிவிட்டால் அந்தப் பகுதியின் பதம் இளகியிருக்கும். நீலம் போகும் வரை நுனியை வெட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

0.7 வந்ததும் கிரைண்டரை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கல்லுக்கு வாருங்கள். அதன் பிறகு அவசரமே கூடாது. நான்கு தேய்ப்புக்கு ஒருமுறை காடியில் வைத்துப் பாருங்கள். மை எழுதுகோலால் நுனியின் இரு முகத்திலும் கறுப்புப் பூசிவிட்டுக் காடியில் நுழைக்க முயன்றால், எங்கே தொடுகிறதோ அங்கே மை அழிந்து உருக்கு மின்னும். அந்த இடத்தை மட்டும் தேய்க்க வேண்டும். மை எப்போது நுனியிலும், நடுவிலும், இரு ஓரத்திலும் ஒன்றுபோல அழிகிறதோ, அப்போது அலகு காடிக்குப் பொருந்திவிட்டது. கையை எடுத்தாலும் திருப்புளி தானாகச் செங்குத்தாக நிற்கும். அந்த நிலை வரும் வரை திருகாணியைத் திருப்ப வேண்டாம்.

அகலத்தை 7.6 அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தலையின் முழு விட்டத்துக்கும் அலகு இருந்தால், திருப்பும்போது அதன் மூலைகள் சுற்றியுள்ள தகட்டைக் கீறும். மூலைகளைக் கல்லில் ஒரு தடவு தடவி, கூர் எடுத்துவிடுங்கள். நுனியின் அடி விளிம்பு மட்டும் உருளாமல் சதுரமாக இருக்கட்டும்.

கொல்லுலை (ஆரையம்பதி)

வாங்கிய திருப்புளியைத் தேய்ப்பது ஒரு வழி. தண்டிலிருந்தே செய்ய விரும்புபவர்களுக்காக ஒரு வார்த்தை எழுதுகிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கத்தியும் மண்வெட்டியும் அடிப்பது.

கடைகளில் வெள்ளி உருக்கு என்று விற்கும் கம்பி இதற்கு ஏற்றது. கிடைக்காவிட்டால் லொறியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு போதும். பதமேற்றும் முன்பே அரத்தால் முழு வடிவத்தையும் முடித்துவிடலாம் என்பது இந்த வழியின் நன்மை. பிறகு நுனியைச் செங்கனலாகக் காய்ச்சுங்கள். நிறத்தில் சந்தேகம் வந்தால் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். சுமார் 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்தை ஏற்க மறுக்கும். அதற்கு ஒரு மூச்சு மேலே போனதும் தோயுங்கள். வெள்ளி உருக்குக்குத் தண்ணீர், ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய். தோய்த்த நிலையில் அது கண்ணாடியைப் போல இருக்கும். அப்படியே திருப்பினால் முறிந்துபோகும். எனவே மணல் தாளால் வெள்ளையாகத் தேய்த்து, நுனிக்கு மேலே ஒரு விரல் தூரத்தில் மெல்லிய சுவாலை காட்டுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், பிறகு கத்தரிப்பூ, பிறகு நீலம் என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுனியை நோக்கி நகரும். கத்தரிப்பூ நிறம் நுனியைக் கடந்து நீலம் வந்து சேரும்போது, ஏறத்தாழ 300 பாகையில், தண்ணீரில் போட்டுவிடுங்கள். கத்திக்கு மஞ்சளில் நிறுத்துவோம். முறுக்கம் தாங்க வேண்டிய மெல்லிய அலகுக்கு நீலம் வேண்டும். அது முறிவதற்கு முன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

கல்லடி அண்ணன் நீலம் வந்தால் கெட்டது என்கிறார், நான் நீலம் வேண்டும் என்கிறேன் என்று குழம்ப வேண்டாம். கடைத் திருப்புளிக்குத் தொழிற்சாலையிலேயே பதம் பார்த்திருக்கிறார்கள். கிரைண்டரில் தற்செயலாக வரும் நீலம் ஓரிடத்தில் மட்டும், எவ்வளவு சூடு என்று தெரியாமல் வருவது. உலையில் வரும் நீலம் நாம் கண் வைத்துக் கொண்டுவருவது.

வயல்காரன் (சம்மாந்துறை)

எனக்கு உலை கிடையாது. கல்லடி அண்ணன் சொன்ன வழியிலேயே தொடங்கியிருக்கிறேன். இதற்கிடையில் இன்னொரு கேள்வி. திருப்புளி பொருந்தியும் திருகாணி துருவால் அசையாவிட்டால் என்ன செய்வது? பிதுங்கிய மரத்திருகாணியின் காடியை எப்படிச் சரிசெய்வது?

களுவாஞ்சிக்குடியான் (பர்மிங்காம்)

உங்கள் நீண்ட திருகாணி தானாகக் கழன்றிருக்கிறது. அது துருப்பிடித்து நிற்பதற்கு வாய்ப்புக் குறைவு. மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். துரு இளக்கும் எண்ணெயில் ஒரு துளியைத் திருகாணியின் தலையைச் சுற்றி விட்டு ஒரு நாள் பொறுங்கள். மரத்தில் ஊறும் அளவுக்கு விடக் கூடாது, எண்ணெய் குடித்த மரம் மெத்தென்று ஆகிவிடும். அசையாவிட்டால், ஈயம் பற்றவைக்கும் மின்கோலின் சூடான நுனியைத் தலையின் மேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். திருகாணி சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கி, துருவின் பிடி விடும். தீச்சுவாலை வேண்டவே வேண்டாம். இரும்பின் மேலுள்ள நிறமும் போகும், மரமும் கருகும். கழற்றும் முன் மிக இலேசாக இறுக்கும் பக்கம் ஓர் அசைவு கொடுப்பது சில வேளை உதவும். அதற்கும் மசியாத திருகாணிக்கு, எங்கள் பட்டறையில் துளையிடும் இயந்திரத்தின் வாயில் அலகைப் பூட்டி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இயந்திரத்தின் கைப்பிடியால் அலகை அழுத்திப் பிடித்தபடி வாயைக் கையால் திருப்புவோம். அலகு மேலே எழும்ப வழியே இல்லாததால் வழுக்குவதும் இல்லை.

பிதுங்கிய காடியை அரத்தால் அராவி எறியாதீர்கள். பிதுங்கிய உலோகம் எங்கும் போகவில்லை. இடம் பெயர்ந்து நிற்கிறது. கண்ணாடி போல மெருகேற்றிய முகமுள்ள சிறிய சுத்தியலால் சிறுசிறு தட்டாகத் தட்டி, அதை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பலாம். பிறகு மெல்லிய காடி அரத்தால் உள்ளே ஒரு தடவு. இதைத் திருகாணி துவக்கில் இருக்கும்போது செய்ய வேண்டாம். கழற்றிய பிறகு, ஈயத்தகடு வைத்த வைஸில் பிடித்து, பழகிய கை செய்ய வேண்டும். செதுக்கலின் குறுக்கே விழுந்த கீறலும் செதுக்குபவருக்குரியது. மணல் தாளால் தேய்த்தால் கீறலுடன் இலையும் கொடியும் சேர்ந்து போய்விடும்.

கல்லடித் திருத்துநர் (மட்டக்களப்பு)

இறுக்கும் நாளன்று துவக்கை மடியில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள் தம்பி. குழலைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையில் தடித்த சாக்கை மடித்துப் போட்டு, பூட்டுப்பகுதி அசையாதபடி இன்னொருவர் பிடிக்கட்டும். திருகாணித் தலையைச் சுற்றி, ஓட்டை வெட்டிய மெல்லிய தோல் துண்டு ஒன்றை வையுங்கள். என்னிடம் பழைய செருப்புத் தோல் ஒன்று இதற்காகவே இருக்கிறது. திருப்புளி நேர்ச்செங்குத்தாக நிற்கட்டும், இடக்கையின் இரு விரல் அலகையும் தலையையும் சேர்த்துப் பிடிக்கட்டும், வலக்கையின் உள்ளங்கை மேலிருந்து உடம்பின் பாரத்தைக் கொடுக்கட்டும். முறுக்கம் அதற்குப் பிறகு.

வயல்காரன் (சம்மாந்துறை)

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். கல்லில் தேய்ப்பதற்கே நான்கு மாலைகள் போயின. முதல் திருப்புளியைக் கிரைண்டரில் நீலமாக்கிவிட்டேன். வெட்டி எறிந்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு மை பூசிப் பார்த்தபோது இரு முகத்திலும் ஒன்றுபோல அழிந்தது. கையை எடுத்தேன், திருப்புளி தானாக நின்றது. தோல் துண்டு வைத்து, தம்பி பூட்டுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள, பாரம் கொடுத்துத் திருப்பினேன். நான் எதிர்பார்த்த பலத்தில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை. சத்தமே இல்லாமல் திரும்பி, காடி நேர்க்கோட்டுக்கு வந்த இடத்தில் கை இறுக்கத்தை உணர்ந்தது. நிறுத்தினேன். காடியின் விளிம்பில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு புதிய தடயம் இல்லை. கட்டையின் ஆட்டம் நின்றுவிட்டது.

விசைக்காப்பின் மரத்திருகாணியை நான் தொடவில்லை. பெரும்போக விதைப்புக்கு முன் அனுமதி பெற்ற திருத்துநர் ஒருவரிடம் கொண்டுபோவேன். அதன் காடியைக் கெடாத முனையில் அளந்து பார்த்தேன், அது 0.70. அதற்கும் ஓர் அலகு தேய்த்துக்கொண்டிருக்கிறேன். திருத்துநரிடம் துவக்கோடு சேர்த்து அதையும் கொடுப்பேன். நீண்ட திருகாணிக்குத் தேய்த்த திருப்புளியின் பிடியில் நூல் சுற்றி "கழுத்து, 0.60" என்று எழுதி, துவக்குப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.